கட்டிக்கு மூச்சில்லை என்று நான் சொன்னேன்

அப்பாவின் ஆட்காட்டி விரலில் தாதி ஒரு கவ்வியை மாட்டினார். துணி காயப்போடும் கிளிப் அளவுதான் இருக்கும். உள்ளே சிவப்பு வெளிச்சம் எரிந்தது. நகத்தைச் சுற்றி முழுக்கச் சிவந்து, விரல் நுனிக்குள் யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரித் தெரிந்தது. சின்னத் திரையில் தொண்ணூற்றெட்டு என்று வந்தது.

“சிவப்பு லைட் போட்டிட்டாங்கள்,” என்றார் அப்பா. “இனி வேனை நிப்பாட்டத்தான் வேணும்.”

அப்பா பாடசாலை வேன் ஓட்டுபவர். காலையில் கொட்டாஞ்சேனையில் முதல் பிள்ளையை ஏற்றுவார். பின்னேரம் வெள்ளவத்தையில் கடைசிப் பிள்ளையை இறக்குவார். இருபத்திரண்டு வருடமாக அதே பாதை. வைத்தியசாலை நடைபாதையில் எங்கள் வாங்கில் இருந்த எல்லோரும் அவருடைய பகிடிக்குச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது தாடைக்குக் கீழே ஒரு சின்னத் தேசிக்காய் அளவில் கட்டி இருந்தது. விரலில் தொண்ணூற்றெட்டு. சரி. கட்டிக்குள் எத்தனை? வெளிச்சத்தை வைத்து விரலிடம் கேட்கலாம் என்றால், கட்டியிடம் ஏன் கேட்க முடியாது?

அந்த யோசனை வந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அது சந்தோஷமாக வந்தது. பொறியியல் படித்து முடித்து, வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டு வீட்டில் இருந்த எனக்கு, கடைசியில் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது.

கட்டியை அப்பா முதலில் கண்டது சவரம் செய்யும்போது. பிளேட் ஓரிடத்தில் ஏறி இறங்கியது. கூகைக்கட்டு என்றார், வேன் பிள்ளைகளிடமிருந்து தொற்றியிருக்கும் என்றார். அம்மா மஞ்சள் அரைத்துப் பூசினார். அது நோகவில்லை. நோகாததால் நாங்கள் இரண்டு மாதம் சும்மா இருந்தோம். இதை வாசிக்கும் யாருக்காவது நோகாத கட்டி இருந்தால், நோகாதது நல்ல அறிகுறி அல்ல என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

புற்றுநோயின் மூலம் நாக்கின் அடியில் இருந்தது. கழுத்தில் தெரிந்தது அங்கிருந்து பரவிய நிணநீர்க் கணு (உடலின் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சு). ஸ்டியரிங் பிடித்த நாள் முதல் அப்பாவின் கன்னத்துக்குள் வெற்றிலையும் போயிலையும் இருந்தன. வைத்தியர் அதைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார். அப்பா அன்றைக்கே பொட்டலத்தை எடுத்து ஆஸ்பத்திரிக் குப்பைக் கூடைக்குள் போட்டார். பிறகு அதைக் குனிந்து ஒருமுறை பார்த்தார்.

முப்பத்தைந்து தடவை கதிர்வீச்சு என்று தீர்மானமானது. கிழமைக்கு ஐந்து நாள், ஏழு கிழமை. இடையில் கிழமைக்கொருமுறை மருந்தேற்றலும் உண்டு. எங்கள் ஆட்கள் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை. கரண்ட் பிடிக்கிறது என்பார்கள். சிங்கள ஆட்களும் அதே கரண்ட்தான். சுடுநீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி, அப்பாவுக்கென்று ஒரு முகமூடி செய்தார்கள். தலை அசையாமலிருக்க, ஒவ்வொரு தடவையும் அதை மேசையோடு பூட்டுவார்கள். “வலையில பட்ட பாரை மீன் மாதிரிக் கிடக்கிறன்,” என்று அம்மாவிடம் சொன்னார்.

எங்கள் வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரி, குறைவாகக் கதைப்பவர். நான் இரவல் மடிகணினியில் வாசித்து நிரப்பிய கேள்விகளோடு அவர் முன்னால் இருந்தேன். நான் விளங்கிக்கொண்டது இதுதான். வேகமாக வளரும் கட்டி தன் இரத்தக் குழாய்களை முந்திவிடுகிறது. நடுவில் இருக்கும் உயிர்க் கலங்களுக்கு ஒட்சிசன் எட்டுவதில்லை. ஆனால் அவை சாவதுமில்லை, ஒடுங்கிக் கிடக்கின்றன. கதிர் போய்க் கலத்தின் மரபு இழையை உடைக்கிறது. அந்த உடைவு திரும்ப ஒட்டாமல் பார்த்துக்கொள்வது ஒட்சிசன். அது இல்லாத இடத்தில் கலம் உடைவைத் திருத்திக்கொண்டு மறுபடி எழும்பக்கூடும்.

“ஓம்,” என்றார் வைத்தியர். “ஒட்சிசன் குறைஞ்ச கட்டி கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும்.”

“அளந்து பாக்க ஏலாதோ டொக்டர்?”

“இஞ்சை வழக்கமா அளக்கிறேல்லை. அளக்காமலே நாங்கள் வைத்தியம் செய்யிறம். நீங்கள் அவரைச் சாப்பிடப் பண்ணுங்கோ, ஒரு நாளும் விடாமல் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

கடைசி வசனம்தான் முக்கியம். நான் முதலாவதோடு வீட்டுக்கு வந்தேன்.

விரல் கவ்வியின் வேலை சிக்கலானதல்ல. ஒட்சிசன் ஏற்றிய இரத்தம் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஒட்சிசனை இறக்கிவிட்ட இரத்தம் அதை விழுங்கும். கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிருக்கு இது ஓரளவு தலைகீழ். இரண்டையும் மாறி மாறி அடித்து, திரும்பி வருவதை ஒப்பிட்டால், இரத்தம் எவ்வளவு ஏற்றிக்கொண்டு நிற்கிறது என்று கணிக்கலாம். புறக்கோட்டையில் உதிரிப்பாகக் கடையொன்றில் இரண்டு விளக்கும் ஓர் ஒளி உணரியும் வாங்கினேன். வெளி வெளிச்சம் புகாமலிருக்க அப்பாவின் பழைய ரப்பர் செருப்பின் குதியை வட்டமாக வெட்டி அதற்குள் அவற்றைப் பதித்தேன். நாலு நாளில் கருவி தயார்.

சிகிச்சையின் மூன்றாம் கிழமை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். அப்பா யன்னலோரக் கதிரையில் இருந்தார். அதற்குள் அவருக்கு வாய் வறண்டு, எச்சில் நூலாகியிருந்தது. ருசி போய்விட்டது. முதலில் வலது பக்கம், நல்ல பக்கம் வைத்தேன். எண் எழுபதுக்குக் கிட்ட அசையாமல் நின்றது. பிறகு இடது பக்கம். கட்டி உருண்டையாக, கல் மாதிரி இருந்தது. செருப்புத் துண்டு அதன்மேல் நிற்காமல் வழுக்கியது. பெருவிரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எண் இறங்கியது. அறுபது, ஐம்பது, நாற்பதுக்கும் கீழே. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே இறக்கம். மூன்றாம் முறையும் அதே. மூன்று முறையும் ஒரே மாதிரி வந்ததால் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

“உள்ளுக்கை மூச்சே இல்லை அப்பா,” என்றேன்.

அவர் தலையைத் திருப்பினார். “மூச்சே இல்லையோ?”

“ஓம். நான் நினைச்ச மாதிரியேதான்.”

அவர் இரண்டு விரலால் கட்டியை மெதுவாகத் தடவிப் பார்த்தார். நான் கணினியில் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அம்மா கொடுத்த கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். வாய்ப்புண்ணுக்குக் கொடுத்த மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நானும் அம்மாவும் கதைத்துக்கொண்டோம்.

மறுநாள் முதல் வைத்தியசாலைக்குத் தான் தனியாகப் போவதாகச் சொன்னார். மெஷினில் தன் நேரத்தை விடியவே மாற்றிவிட்டார்களாம். “நீயும் கொம்மாவும் என்னோட மினக்கெட வேண்டாம்.” அம்மா வீட்டில் கேக் அடித்துக் கொடுப்பவர். அந்தக் கிழமை இரண்டு பிறந்தநாள் கேக் இருந்தது. எனக்கும் ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. நாங்கள் நம்பியது வசதியாகவும் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் தொலைபேசி வந்தது. கதிர்வீச்சுப் பிரிவிலிருந்து ஒரு பெண், சிங்களத்தில். “தாத்தா ஏய் ஆவே நெத்தே?” சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அப்பா ஏன் வரவில்லை என்று கேட்கிறார். இன்றைக்கு மட்டுமா என்று கேட்டேன். இல்லை, திங்கள் முதல், என்றார்.

அப்பாவின் கைபேசி எடுபடவில்லை. ஆனால் அவர் எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளவத்தைக்கு பஸ் எடுத்தேன். காலி வீதியில் இறங்கி, கடல் பக்கம் போகும் ஒழுங்கைக்குள் நடந்தேன். கடைசிப் பிள்ளையை இறக்கும் இடத்தில் வேன் நின்றது. அப்பா பின் இருக்கையில் யாரோ சிந்திய பானத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சால்வை சுற்றியிருந்தார். தோல் கறுத்து உரியத் தொடங்கியதை மறைக்கத்தான்.

என்னைக் கண்டதும் துணியை உதறி மடித்தார்.

“பிடிச்சிட்டாய்,” என்றார்.

நான் என்ன கேட்டேன் என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. கத்தினேன் என்பது மட்டும் தெரியும். எதிர் வீட்டு யன்னல் திறந்தது. அவர் பதில் சொல்ல நேரம் எடுத்தது. அந்த வாயோடு ஒரு வசனம் கதைப்பதே வேலை.

“நீயெல்லே பிள்ளை சொன்னனி, உள்ளுக்கை மூச்சில்லையெண்டு. மிசினை வச்சு மூண்டு தரம் பாத்துத்தானே சொன்னனி.” எச்சிலை விழுங்க முயன்று முகம் சுளித்தார். “மூச்சில்லாததுக்கு ஏன் கரண்ட் பிடிக்கோணும்? நிண்டுபோன இஞ்சினுக்கு ஆராவது பெற்றோல் அடிக்கிறானோ?”

கடல் பக்கத்தில் ரயில் ஒன்று போனது.

எங்கள் வீட்டில் மூச்சில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆள் முடிந்துபோனார். செத்த வீட்டுக்குப் போய்வந்து, பார்க்கையில் மூச்சில்லை என்று சொல்வோம். அந்தச் சொல்லோடு பிறந்து வளர்ந்த நானே, அதன் அர்த்தத்தை மறந்துவிட்டு, அதைக் கொண்டுபோய் ஒட்சிசன் என்ற சொல்லின் இடத்தில் வைத்தேன். எனக்கு அது கட்டி பிடிவாதமானது என்ற கெட்ட செய்தி. அவருக்கு அது கட்டி செத்துவிட்டது என்ற நல்ல செய்தி. இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம், வேறு வேறு காரணத்துக்கு.

“அது சாகேல்லை அப்பா,” என்றேன். “மூச்சில்லாமலே உயிரோட இருக்கும். அதுதான் மோசமானது.”

அவர் வேன் கதவை இழுத்து மூடினார். பிறகு சாவியை என்னிடம் நீட்டினார். எனக்கு வேன் ஓட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அப்படியும் நீட்டினார்.

மறுநாள் காலையில் வைத்தியரின் அறைக்கு, நடந்ததைச் சொல்ல நான் ஆயத்தமாகப் போயிருந்தேன். கருவி, செருப்புக் குதி, சொல், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடிக்க நினைத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ஆர் பிழை எண்டு பாக்க எனக்கு நேரமில்லை. எத்தினை நாள் விட்டது?”

“நாலு.”

அவர் அட்டையில் எழுதினார். இடைவெளி விட்டால் எஞ்சிய கலங்கள் முன்னையைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும் என்று, யாரையும் பார்க்காமல் சொன்னார். விட்ட நாட்களை ஈடுகட்ட நாலு வெள்ளிக்கிழமைகளில் இரண்டு தடவை கொடுப்பது என்று முடிவானது. இரண்டுக்கும் நடுவில் ஆறு மணித்தியாலமாவது இருக்க வேண்டும். அதற்குள் நல்ல கலங்கள் தங்களைத் திருத்திக்கொள்ளும்.

அந்த ஆறு மணித்தியாலங்களை வைத்தியசாலை முற்றத்து மரத்தின் கீழ் நாங்கள் மூவரும் கழித்தோம். ஐந்தாம் கிழமையிலிருந்து அப்பா கதைப்பதை நிறுத்திவிட்டார். வேனில் யாரோ விட்டுப்போன கணிதக் கொப்பியொன்றில் எழுதிக் காட்டுவார். தண்ணி. வெயில். கொம்மாவைச் சாப்பிடச் சொல். மூக்கு வழியாகக் குழாய் போட்டு அம்மா ஊசிக்குழலால் பால் கொடுத்தார். எனக்கு நேரம் பற்றி முன்பு இருந்த எண்ணம் அந்த மரத்தடியில் போனது. ஆறு மணித்தியாலம் என்பது நல்ல கலத்துக்குத் திருந்தக் கிடைக்கும் நேரம். நாலு நாள் என்பது கெட்ட கலத்துக்கு நான் கொடுத்த நேரம். அதற்குமேல் எனக்கு மணிக்கூடு தேவைப்படவில்லை.

ஆறாம் கிழமை, கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பௌதிகம் படிப்பிக்கும் விரிவுரையாளர் ஒருவரிடம் போனேன். ஒளியால் கட்டிகளின் ஒட்சிசனைப் படமெடுக்கும் ஆய்வு அவருடையது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் செருப்புக் குதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டித்தனமான வேலை என்றார். பிறகு அதை என் முன்னங்கையில் வைக்கச் சொன்னார். எண் எழுபதுக்கு மேல் நின்றது. “இப்ப நல்லா அழுத்துங்க,” என்றார்.

அழுத்தினேன். அறுபது. ஐம்பது. நாற்பதுக்கும் கீழே.

அழுத்தும்போது புது இரத்தம் உள்ளே வருவது நின்றுபோகிறது. அகப்பட்ட இரத்தம் தன் ஒட்சிசனை இறக்கிவிட்டு வெறுமனே நிற்கிறது. அதோடு, என் விளக்கின் ஒளி தோலைத் தாண்டி எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்பதும் சந்தேகம் என்றார்.

“நீங்க அளந்தது கட்டிய இல்ல,” என்றார். “உங்கட பெருவிரல.”

உருண்டைக் கட்டியில் கருவி வழுக்கியதால் அந்தப் பக்கம் மட்டும் இறுக்கினேன். அவ்வளவுதான். மூன்று முறையும் ஒரே மாதிரி வந்தது என் விரலின் பலம். பிழையான எண்ணை எடுத்து, பிழையான சொல்லில் போட்டு, அப்பாவின் கையில் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மரத்தடியில் இதை அவரிடம் சொன்னேன். அவர் கொப்பியை எடுத்து எழுதினார்: அப்ப மூச்சு இருக்குதோ?

“தெரியாது அப்பா,” என்றேன். அந்தச் சொல்லை நான் அவரிடம் முதல்முறையாகச் சொன்னது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவர் கீழே ஒரு சரி அடையாளம் போட்டார். கணித ஆசிரியர் போடுகிற மாதிரி, பெரிதாக.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்த வரிசையில் இருந்தால், உங்களிலும் என்னைப் போலப் படித்த, பொறுமையில்லாத ஒருவர் இருப்பார். அவர் நல்லவர்தான். அவர் ஒரு எண்ணைக் கொண்டுவந்தால், நோயாளியிடம் சொல்ல முதல் வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன பிறகு, என்ன விளங்கியது என்று நோயாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்டிருந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும்.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். கட்டி தேசிக்காயிலிருந்து நெல்லிக்காய்க்கு வந்தது. நெல்லிக்காயிலிருந்து கடலை அளவுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. அப்பாவுக்குக் குரல் திரும்பியது, கொஞ்சம் கரகரப்பாக. உப்பு தெரிகிறது, இனிப்புத் தெரியவில்லை. அம்மாவின் கேக்கைச் சீமெந்து என்கிறார். நாக்கின் அடியில் ஒன்றும் மிஞ்சவில்லை. கழுத்தில் மிஞ்சிய கடலைக்குள் ஊசி விட்டுப் பார்த்தார்கள். உயிருள்ள கலங்கள் இருக்கின்றன என்று முடிவு வந்தது.

அந்த நாலு நாளாலா என்று வைத்தியரிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“தெரியாது,” என்றார் அவரும். “ஒரு நாளும் விடாமல் வந்திருந்தாலும் இப்பிடி மிஞ்சியிருக்கலாம்.”

அந்த ‘லாம்’ என்ற இரண்டெழுத்துக்குள்தான் நான் இப்போது குடியிருக்கிறேன்.

வரும் வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. கழுத்தின் இடது பக்கத்துக் கணுக்களை முழுதாக எடுப்பார்கள். அதற்கு முன், திங்கட்கிழமை காலையில், அப்பாவை அந்த விரிவுரையாளரின் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே இருப்பது வேறு விதமான கருவி. லேசர் ஒளியைக் கணப்பொழுதுக்கு மட்டும் உள்ளே அனுப்பும். அதை விழுங்கிய இரத்தம் மிக மிகச் சிறிதாகச் சூடேறி விரியும். விரியும்போது நம் காதுக்கு எட்டாத சத்தம் ஒன்று எழும்பும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, கட்டியின் எந்த மூலையில் ஒட்சிசன் இருக்கிறது, எந்த மூலையில் இல்லை என்று நிறத்தில் வரையும். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி பெற்ற ஆய்வு அது. அப்பாவின் அறுவையை இந்தப் படம் ஒரு அங்குலமும் மாற்றாது என்று விரிவுரையாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். வேறு யாருக்காவது, வேறு ஒரு வருடத்தில், கதிர்வீச்சை எங்கே கூட்டுவது என்று தீர்மானிக்க அது உதவக்கூடும்.

அப்பா சம்மதப் படிவத்தை முழுதாக வாசித்துக் கையெழுத்து வைத்தார். தமிழில் இருந்ததில் மூன்று எழுத்துப் பிழை பிடித்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

“மூச்சு இருக்குது, இல்லை எண்டு எனக்கு வந்து சொல்லாதை. எனக்குச் சொல்லுறதெண்டா டொக்டர் சொல்லட்டும். நீ பிடிக்கிறதை மட்டும் நேராப் பிடி.”

பிடிக்கப்போவது நான்தான். விரிவுரையாளர் அதற்கு ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. கருவியின் முனை தோலைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. நடுவில் ஜெல் மாதிரிக் களி பூசியிருப்பதால் தொட்டாலே போதும்.

இப்போதெல்லாம் எதைத் தொட்டாலும் எவ்வளவு அழுத்துகிறேன் என்பது எனக்குத் தெரிகிறது. பஸ் கம்பி, கதவுப் பிடி, அம்மாவின் தோள். முன்பு கை என்பது நான் நினைத்ததைச் செய்யும் ஒன்று. இப்போது அதற்குத் தனியாக ஒரு எடை இருக்கிறது.

மூன்று நாளாக அம்மாவின் கேக் தராசில் பழகுகிறேன். மாவும் சீனியும் நிறுக்கும் முள் தராசு. தட்டின்மேல் ஒரு ஈரப் பஞ்சை வைத்து, கருவி முனையின் அளவில் வெட்டிய மரத்துண்டை அதில் வைத்து, முள் முடிந்தவரை அசையாமல் இரண்டு நிமிடம் பிடிக்க வேண்டும். முதல் நாள் முள் நூறு கிராமுக்குப் போனது. நேற்று முப்பது. அப்பா யன்னலோரக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, தராசுக்கு நேரே கண்ணை வைத்துக்கொண்டு இருக்கிறார்.

“இருபது,” என்கிறார். “கையை விடு பிள்ளை. இன்னும் விடு.”

திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பத்துக்கு வர வேண்டும்.